வயிறு நிறைந்ததா, முயல் ஓடியதா? சீன மெய்யொலிகள்: கேள்வி பதில்

இங்கே சீனம் என்பது மாண்டரின். மெய்யொலிகள் பற்றி மட்டும் கேளுங்கள். தொனிக்கு, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்துக்கு, இன்னொரு நாள் உட்காரலாம்.

கேள்வி: பின்யினில் பஸ்ஸின் 'பி'யும் பேப்பரின் 'பி'யும் எனக்கு ஒரே மாதிரி கேட்கின்றன. காதில் கோளாறா?

பதில்: காது நன்றாகவே இருக்கிறது. பின்யின் 1958-இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்து முறை. ஆங்கிலம் படித்தவர்களின் வசதிக்காக யாரும் அதைச் செய்யவில்லை. பஸ்ஸின் பி எழுதியிருந்தால், அது நாம் 'பால்' என்னும்போது வருகிற ப. தொண்டை அதிராது, மூச்சும் சீறாது. பேப்பரின் பி எழுதியிருந்தால் அதே ப, கூடவே ஒரு மூச்சு. த, க ஒலிகளிலும் இதே கதைதான். முதல் வகை நமக்கு இலவசம்; இரண்டாவதுக்குத்தான் உழைக்க வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிட்டுப் பழகுங்கள். மூச்சொலிக்கு அது படபடக்க வேண்டும், மற்றதற்குச் சும்மா இருக்க வேண்டும்.

நான் படித்த காலத்தில் ஒரு படத்தைப் பார்த்து 'முயல் ஓடிவிட்டது' என்று சொன்னேன். ஆசிரியர் காதில் விழுந்தது 'வயிறு நிறைந்துவிட்டது'. த, ப இரண்டிலும் மூச்சைச் சேர்க்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான் தப்பு. இந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தூட்ஸ பாவ் ல'. அதனால்தான் சொல்கிறேன்: சீனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு இந்தி தெரியும். உதவுமா?

பதில்: பாதி. சாப்பாட்டைக் குறிக்கும் 'கானா'வில் வருகிற மூச்சு அப்படியே கை கொடுக்கும். வண்டியைக் குறிக்கும் 'காடி'யில் தொண்டை அதிர்கிறதே, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஜே, க்யூ, எக்ஸ் மூன்றும் குழப்புகின்றன.

பதில்: 'பச்சை' என்று சொல்லிப் பாருங்கள். அந்த ச்ச-வுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஜே. ஆகவே பெய்ஜிங்கில் ஜ கிடையாது. பெய்ச்சிங் என்பதே கிட்டத்தட்ட சரி. அதோடு மூச்சைச் சேர்த்தால் க்யூ. எக்ஸுக்கு நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்னால் படுத்துக்கிடக்க, நடுநாக்கை மட்டும் தூக்கிக் காற்றை விடுங்கள்.

கேள்வி: ஜெட்-எச், சி-எச், எஸ்-எச் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டியவைதானே? நம்மிடம் ட இருக்கிறதே!

பதில்: அந்த ட-தான் ஆபத்து. நாம் ட சொல்லும்போது நாக்கின் அடிப்பக்கமே மேலே போய் ஒட்டுகிறது. சீனத்தில் அவ்வளவு சுருட்டல் இல்லை. நுனி மேல் ஈறுக்குச் சற்றுப் பின்னால் நின்றால் போதும். அப்புறம், இவற்றின் பின்னால் ரோமன் எழுத்தான ஐ வந்தால் இ என்று படிக்காதீர்கள். அதே இடத்தில் குரலை நீட்டினால் சரி.

கேள்வி: ஆர் எழுத்து?

பதில்: ழ. 'கிழங்கு' சொல்லுங்கள். முன்னால் கி-யையும் பின்னால் கு-வையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற 'ழங்', 'அனுமதி' என்ற பொருளில் வரும் சீனச் சொல்லுக்கு வெகு அருகில். தமிழில் ழ சொல்லின் தொடக்கத்தில் வராததால் முதலில் நாக்கு முரண்டு பிடிக்கும்.

கேள்வி: சிறப்பு ழகரம் உலகில் தமிழுக்கு மட்டுமே உரியது. சீனத்தில் இருப்பதாகச் சொல்வது சரியா?

பதில்: மலையாளிகளைக் கேட்டுவிட்டீர்களா? கோழிக்கோடும் ஆலப்புழையும் அவர்கள் ஊர்கள். பழங்கன்னடத்திலும் அந்த ஒலிக்கு எழுத்து இருந்தது. சீன ஆர் ஒலிக்கும் நம் ழகரத்துக்கும் ஒலியியலார் பலர் ஒரே குறியைப் போடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் 'வாளப்பளம்' வாங்குகிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடமாட்டேன். பெய்ஜிங்காரர் ஆர் சொன்னால் எனக்கு ஓர் உரசல் கேட்கிறது. அது ழ இல்லை.

பதில்: இது நல்ல காது. பலர் வாயில், குறிப்பாகச் சொல்லின் தொடக்கத்தில், லேசான உரசல் வரும். சிலரிடம் அது ஷ-வைத் தொண்டை அதிரச் சொன்னதுபோல் இருக்கும். நம் ழ-வில் உரசல் இல்லை, நாக்கும் இன்னும் பின்னால் போகிறது. ஆகவே 'அதே ஒலி' என்று நான் எழுதியிருந்தால் தப்பு. 'பக்கத்து வீடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தமிழர் ர போட்டால் சீனருக்கு விநோதமாக இருக்கும், ழ போட்டால் புரிந்துவிடும். தொடங்குகிறவருக்கு எனக்கு அது போதும்.

கேள்வி: க்யூவை எப்படி உச்சரிப்பது?

பதில்: மேலே, பச்சை.

கேள்வி: எங்கள் தைவான் ஆசிரியை எஸ், எஸ்-எச் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார். அவர் தவறா?

பதில்: இல்லை, அங்கே பலர் பேச்சு அப்படித்தான். தென் சீனத்திலும் உண்டு. 'நான்கு நான்குதான், பத்து பத்துதான்' என்று சீனத்தில் ஒரு நாப்பிறழ் வாக்கியமே இருக்கிறது. இரண்டு எண்களுக்கும் தொனி தவிர இந்த ஒலிதான் வேறுபாடு. நீங்கள் பிரித்துச் சொல்லவே பழகுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்வது எளிது.

கேள்வி: மூன்றாம் தொனி வரவில்லை.

பதில்: இன்று இல்லை.

கேள்வி: க்யூவும் சி-எச்சும் ஒன்றா?

பதில்: இல்லை. மேலே இரண்டுக்கும் தனித்தனியாக நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எல்லா ஒலிகளையும் தமிழ் எழுத்தில் ஓர் அட்டவணையாகப் போட்டுத் தருவீர்களா?

பதில்: மாட்டேன். முதல் பதிலில் என் முயல் ஏன் ஓடவில்லை என்று போய்ப் பாருங்கள்.