வளரும் வயதில் மது: நினைவாற்றல் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன், எத்தனை பீர் குடித்தாலும் தனக்குப் போதை ஏறுவதில்லை என்று பெருமை பேசுகிறான். அவன் உடம்பு தாங்குகிறது என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது, அதுதான் இந்த வயதின் ஆபத்தே. 1990களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்வார்ட்ஸ்வெல்டர் குழுவினர் இளம் எலிகளையும் வளர்ந்த எலிகளையும் ஒப்பிட்டார்கள். எடைக்கேற்ப ஒரே அளவு மது கொடுத்தும் இளம் எலிகளுக்குத் தூக்கக் கலக்கம் குறைவாகவே இருந்தது. ஆனால் நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ளும் சோதனையில் அவையே அதிகம் திணறின. போதும் என்று உணர்த்தும் தூக்கம் தாமதமாவதால் பிள்ளைகள் மேலும் குடிக்கிறார்கள். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியோ அதற்குள் பாதிக்கப்பட்டுவிடுகிறது.

கேள்வி: விருந்தில் நண்பன் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தான், மறுநாள் கேட்டால் எதுவுமே நினைவில்லை என்கிறான். நடிக்கிறானா?

பதில்: நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்து இரத்தத்தில் மதுவின் அளவு சட்டென்று ஏறும்போது, பேச்சும் நடையும் தொடர்ந்தாலும் பதிவு நின்றுபோகிறது. பதியாத நினைவை யார் எடுத்துக்கொடுத்தாலும் மீட்க முடியாது.

கேள்வி: பதினாறு வயதில் தொடங்கிய குடியைக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டேன். ஆனாலும் படிப்பது மனதில் நிற்பதில்லை. இது நிரந்தரமா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான சான் டியாகோ ஆய்வொன்றில், குடிக்கு அடிமையாகியிருந்த 15, 16 வயதினர், குடிக்காமல் மூன்று வாரம் கழிந்த பிறகும், கற்றதைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்வதில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 சதவீதம் பின்தங்கியிருந்தனர். அவர்கள் கடுமையாகக் குடித்தவர்கள் என்பதையும், அந்தக் குறை குடிக்கு முன்பே இருந்ததா என்பதை அத்தகைய ஆய்வு சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே 2012 முதல் அமெரிக்காவின் ஐந்து மையங்களில், 12 முதல் 21 வயது வரையிலான 831 பேரை, பெரும்பாலோர் குடிக்கத் தொடங்கும் முன்பிருந்தே எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியவர்களின் மூளையின் முன்பகுதியில், நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பொருள் அந்த வயதின் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தது தெரியவந்தது. வட கரோலினாவில் ஃபுல்டன் க்ரூஸ் குழுவினரின் சோதனைகளில், இளமையில் மது கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் ஏற்பட்ட குறைவு வளர்ந்த பின்பும் நீடித்தது என்றாலும், ஓடவிட்டபோது அது பெருமளவு சீரடைந்தது. எலிக்குப் பொருந்துவது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். உறக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட இதே தொல்லையைத் தருபவை என்பதால், மனநல மருத்துவரிடம் நினைவாற்றல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெளியில் கெட்டுப்போவதற்குப் பதில், நம் கண்ணெதிரே வீட்டிலேயே சிறிது கொடுத்துப் பழக்கினால் என்ன?

பதில்: வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, பெற்றோர் கொடுப்பதால் எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை என்றே கண்டது; அப்பிள்ளைகள் பின்னர் வேறு வழிகளிலும் மதுவைத் தேடிக்கொள்ளும் வாய்ப்பே கூடியிருந்தது.