டாக்டர் முன்னால் சமர்த்து, வீட்டில் கடி

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். கோபம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்கிறான். ஓ.பி.க்குப் போனால் அரை மணி நேரமும் சமர்த்தாக இருக்கிறான். கடித்தால் தனியாக மூலையில் உட்கார வைக்கச் சொன்னார்கள். செய்தோம், அதிகமாகிவிட்டது. இப்போது ஃபங்ஷனல் அசெஸ்மென்ட் (எதற்காகக் கடிக்கிறான் என்று கண்டுபிடிக்கும் ஆய்வு) செய்யலாம் என்கிறார்கள். ஓ.பி.யிலேயே அதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் பாதி வேலை உங்கள் வீட்டில் நடக்க வேண்டும்.

முதலில் பல், காது, மலச்சிக்கல், தூக்கம் ஆகியவற்றை டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். வலியால் கடிக்கும் பிள்ளைக்கு வேறு எந்த ஆய்வும் உதவாது.

அடுத்து, "கோபம் வந்தால்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கடித்தவுடன் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதே தெரபிஸ்டுக்கு வேண்டும். உதாரணமாக: "மாலை 5.40. டிவியை நிறுத்தி எழுத உட்கார வைத்தேன். இரண்டாவது வரியில் இடது மணிக்கட்டைக் கடித்தான். பாட்டி நோட்டை மூடிவிட்டு மடியில் தூக்கிக்கொண்டார்." இப்படிப் பத்துப் பதினைந்து பதிவுகள் போதும். கடிக்காத நேரங்களையும் குறியுங்கள். வீடியோ எடுப்பவர்கள் பெரும்பாலும் கடித்த பிறகுதான் போனைத் தூக்குகிறார்கள். அதற்கு முந்தைய நிமிடம் பதிவாகாமல் போய்விடுகிறது. எழுதும் நேரத்துக்கு முன்பே போனை அலமாரியில் சாய்த்து ஓடவிடுங்கள்.

ஓ.பி.யில் அவன் கடிக்காததற்குக் காரணம், அங்கே அவனை யாரும் எழுதச் சொல்லாததாகவும் இருக்கலாம். அதே நோட்டையும் பென்சிலையும் கொண்டுபோங்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் குழு 1991-இல் வெளியிட்ட, இந்த ஆய்வின் சுருக்கமான முறை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 5 முதல் 10 நிமிடம் வரை ஒவ்வொரு சூழலையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றில் நீங்கள் அவனைக் கவனிக்காமல் பத்திரிகை படிப்பீர்கள். கடித்தால் மட்டும் பேசுவீர்கள். இன்னொன்றில் எழுதச் சொல்வீர்கள்; கடித்தால் அரை நிமிடம் நோட்டை எடுத்துவிடுவீர்கள். பிடித்த பொருளைக் கொடுத்து வாங்கியும் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, எந்தக் கட்டளையும் இல்லாத விளையாட்டு நேரம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். எந்த அளவு காயத்தில் நிறுத்துவது என்பதை முன்பே பேசிவையுங்கள். தோல் கிழியும் அளவுக்குக் கடிப்பவன் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். பதிவுகளை வைத்தே முடிவெடுக்கலாம்.

எழுத்திலிருந்து தப்பிக்கத்தான் கடிக்கிறான் என்று தெரிந்தால், மூலையில் உட்கார வைத்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் புரிந்துவிடும். மூலைக்குப் போனால் எழுத வேண்டாமே! அப்போது "பிரேக்" அட்டை (சற்று ஓய்வு வேண்டும் என்று கேட்கும் அட்டை) ஒன்றைக் கொடுத்துப் பழக்க வேண்டும். அதை நீட்டிய இரண்டு மூன்று விநாடிக்குள் நோட்டு விலக வேண்டும், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும். கடிப்பதைவிட அட்டை சீக்கிரம் பலன் தராவிட்டால் அவன் அதைத் தொடமாட்டான். கடித்தால், ஒன்றும் சொல்லாமல் கையை மெதுவாகத் தடுத்து அட்டையைக் காட்டுங்கள். முதல் சில நாள் கடி கூடலாம். அப்போது பயந்து நோட்டை மூடினால், இன்னும் பலமாகக் கடித்தால்தான் வேலை நிற்கும் என்று கற்றுக்கொள்வான். அட்டை பழகிய பிறகு ஒரு வரி, இரண்டு வரி என்று எழுத்தைக் கூட்டுங்கள்.

பாட்டியையும் ஒருமுறை ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். அட்டை அவரிடம் செல்லாவிட்டால், அவர் முன்னால் மட்டும் கடி தொடரும்.