லாங்காஸ்டர் படங்களுக்காக ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன் அருகே வசிக்கிறேன். வயது 51. இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சு விமானங்களின் லிமிடெட் எடிஷன் ஓவியப் பிரிண்டுகளை ஆசைப்பட்டுச் சேர்த்து வருகிறேன். விமானப்படையினர் கையெழுத்திட்ட 20 லாங்காஸ்டர் பிரிண்டுகளை மொத்தமாக 8,000 பவுண்டுக்குத் தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். கையெழுத்துப் போட்டவர்கள் யாருமே இப்போது உயிரோடு இல்லை, அதனால் இனி விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்கிறார். ஐசா (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) சேமிப்பை எடுத்து இவற்றை வாங்கிவைத்து, ஓய்வு பெறும்போது விற்கலாமா?

பதில்: வேண்டாம். ஐசா பணத்தைத் தொடாதீர்கள். படங்கள் மீது உங்களுக்கு இருக்கும் ஆசையை நான் தடுக்கவில்லை. 7,377 லாங்காஸ்டர்கள் கட்டப்பட்டதில் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில், கோனிங்ஸ்பி விமானப்படைத் தளத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் உயிரிழந்த 55,573 பேரில் எத்தனையோ பேர் கடைசியாகக் கிளம்பிப் போனதும் உங்கள் வட்டாரத்து ஓடுபாதைகளிலிருந்துதான். அந்த மண்ணில் வாழ்பவருக்கு இந்தப் படங்கள் பிடித்துப்போவது இயல்பு. ஆனால் வியாபாரி சொல்லும் கணக்கு வேறு விஷயம்.

அவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். 1943 மே மாதம் ஜெர்மன் அணைகள் மீது நடந்த தாக்குதலில் 19 லாங்காஸ்டர்களில் 133 பேர் போனார்கள். அவர்களில் கடைசியாக உயிரோடிருந்த ஜானி ஜான்சன் 2022 டிசம்பரில் காலமானார். இனி புதிய கையெழுத்து வராது, சரி. ஆனால் விலை ஏற வேண்டுமென்றால் வாங்கவும் ஆள் வேண்டுமே! 80, 90களில் இவற்றை ஆர்வமாக வாங்கியவர்கள் போரை நேரில் கண்டவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். அந்தத் தலைமுறை மறைய மறைய, வீட்டைக் காலி செய்யும் வாரிசுகள் இதே படங்களை உள்ளூர் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். ராபர்ட் டெய்லர் போன்ற பெயர்பெற்ற ஓவியரின் படமானாலும், மூல ஓவியம் ஒன்றுதான். பிரிண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியே இருக்கின்றன.

விற்கும் செலவையும் பாருங்கள். ஒரு படம் 100 பவுண்டுக்கு ஏலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 சதவீத கமிஷன், அதன் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) கழித்தால் உங்கள் கைக்கு வருவது 82. வாங்குபவர் 25 சதவீத கமிஷனும் வாட்டும் சேர்த்து 130 கொடுத்திருப்பார். இந்த இடைவெளியைத் தாண்டிய பிறகுதான் லாபம் என்ற பேச்சே. 6,000 பவுண்டுக்குள் விற்கும் தனிப் பொருளுக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்று அவர் ஆசை காட்டலாம். உண்மைதான், ஆனால் ஆதாயமே இல்லாத இடத்தில் அந்தச் சலுகையால் என்ன பயன்? ஐசாவிலோ ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரைதான் போட முடியும். ஃப்ளெக்சிபிள் வகை (எடுத்ததை அதே நிதியாண்டில் திரும்பப் போட விடுவது) அல்லாத கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், எடுத்த தொகைக்கான இடம் திரும்பக் கிடைக்காது.

ஆசைக்கு வாங்குவதென்றால் மாதச் செலவு போக மிஞ்சும் பணத்தில், ஒவ்வொன்றாக, பார்த்து வாங்குங்கள். பிரேமிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சான கையெழுத்து பொடிப் பொடியான புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பென்சிலில் போட்டது, தாளைச் சாய்த்தால் லேசாக மினுங்கும். அழுத்திய தடமும் இருக்கும். அப்புறம் வெளியான ஆண்டு. புகழ்பெற்ற லாங்காஸ்டர் விமானி லெனர்ட் செஷயர் 1992இல் இறந்தார். அதற்குப் பின் வெளியான பிரிண்டில் அவர் கையெழுத்து இருந்தால், முன்பே வேறு தாளில் வாங்கியதை, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் பதித்திருக்க வேண்டும். அது மோசடி அல்ல, ஆனால் படத்தின் மேலேயே போட்டதாகச் சொல்லி விற்றால் மோசடி. ஓரத்தில் ஓவியரே பென்சிலால் வரைந்த ரிமார்க் படம் இருந்தால் அதற்குக் கூடுதல் விலை தரலாம். பழுப்புப் புள்ளி விழுந்த தாளையும், வெயிலில் நீலம் வெளுத்த வானத்தையும் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவற்றை வீட்டுக் காப்பீட்டில் சேர்த்தீர்களா? பாலிசியில் ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று பாருங்கள். அமிலமில்லாத மவுண்ட், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இரண்டுக்கும் செய்யும் செலவு வீண் போகாது.

வியாபாரிக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 20 படங்களின் பெயர், பிரதி எண், யார் யார் கையெழுத்து, எந்தத் தாளில், சான்றிதழ் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியல் வந்ததும், ஒவ்வொன்றும் ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று தேடுங்கள். கடைக்காரர்கள் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவர் சொல்லும் மொத்த விலைப்படி ஒரு படம் 400 பவுண்டு ஆகிறது. ஏல விலை அதன் பக்கத்தில்கூட வராத படங்களை அடித்துவிட்டு, மிச்சத்தில் உங்களுக்கு மனசுக்குப் பிடித்த ஒன்றோ இரண்டோ மட்டும் தனியாகத் தருவாரா என்று கேளுங்கள்.