வெளிநாட்டில் கிடைக்கும் பொருளுக்கு அமெரிக்காவில் ஏன் ஏற்றுமதித் தடை? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்க ஏற்றுமதி விதியில் ‘வெளிநாட்டில் கிடைக்கும் நிலை’ என்கிறார்களே, அது என்ன?

பதில்: தேசியப் பாதுகாப்புக்காக ஒரு பொருளை உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். ஆனால் அதே தரத்தில், போதிய அளவில், வேறு நாட்டுக்காரர் விற்கிறார், வாங்குகிறவர் கைக்கும் அது எட்டுகிறது என்றால் தடையால் பயனில்லை. அமெரிக்க வணிகத் துறையின் தொழில் மற்றும் பாதுகாப்புப் பணியகம் (பிஐஎஸ்) இதை ஆராய்ந்து முடிவு சொல்லும். விதிகளில் 768ஆம் பகுதி.

கேள்வி: நிஜமாகவே தளர்த்தியது உண்டா சார்?

பதில்: உண்டு. சிப் தயாரிப்பில் பிளாஸ்மாவைக் கொண்டு சிலிக்கான் தகட்டில் பள்ளம் செதுக்கும் எந்திரம் இருக்கிறது. பக்கவாட்டில் அரிக்காமல் நேராகக் கீழே இறங்கும். அதைச் சீனாவுக்கு விற்க உரிமம் வேண்டியிருந்தது. ஆனால் ஷாங்காயின் ஏஎம்இசி நிறுவனமே அப்படிப்பட்ட எந்திரத்தைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. செமி என்ற தொழில் அமைப்பு மனு கொடுத்தது. 2015 பிப்ரவரியில் பிஐஎஸ் அதை ஏற்றது. அதற்காகத் தளர்வை நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். 2022 அக்டோபரில் சீனாவுக்குப் போகும் மேம்பட்ட சிப் கருவிகள் மீது புதுக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன.

கேள்வி: இந்த மனுக்களுக்காக பிஐஎஸ் கேட்கும் தகவல்கள் பற்றிக் கருத்து கேட்டு அரசிதழில் அறிவிப்பு வருகிறதே, நாங்கள் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை, ஆனால் எழுதுங்கள். பத்துப் பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்க, அரசுத் துறை வெள்ளை மாளிகையின் மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் அதிகபட்சம் 3 ஆண்டு. புதுப்பிக்கும்போது முதலில் 60 நாள், அப்புறம் 30 நாள் கருத்து கேட்பார்கள். மனு தயாரிக்க ஆகும் மணிநேரத்தை பிஐஎஸ் குறைத்துப் போட்டிருந்தால் அதைச் சொல்ல இதுதான் இடம்.

கேள்வி: ஆதாரமாக எதைக் கொடுப்பது?

பதில்: பொருள் விவரப் பட்டியல், பராமரிப்புக் கையேடு, தொழில் இதழ்க் கட்டுரை, புகைப்படம், நேரில் பார்த்தவரின் வாக்குமூலம், எல்லாம் செல்லும். ‘சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது’ என்ற ஒற்றை வரிக் கடிதம் மட்டும் போதாது. ஒருமுறை போட்டியாளரின் வண்ணப் பிரசுரம் ஒன்றை மட்டும் இணைத்து அனுப்பத் தயாரானோம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அடுத்த ஆண்டு வெளிவரும்’ என்று இருந்தது. அதாவது, பொருளே இன்னும் இல்லை! பிரசுரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.

கேள்வி: நிரூபித்துவிட்டால் தடை நீங்கிவிடுமா?

பதில்: எப்போதும் இல்லை. நீக்கினால் தேசியப் பாதுகாப்புக்குக் கேடு என்று ஜனாதிபதி கருதினால் தடை நீடிக்கும்.