லேத் பட்டறையில் பவர் கண்ணாடியே போதுமா, தனியாக சேஃப்டி கண்ணாடி வாங்க வேண்டுமா?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஐடிஐ முடித்த கையோடு ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேர்ந்திருக்கிறீர்கள். லேத்தில் நிற்கிறீர்கள், அவ்வப்போது கை கிரைண்டரும் பிடிக்கச் சொல்கிறார்கள், பத்தடி தள்ளி வெல்டிங் நடக்கிறது. ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருப்பதால் அதுவே போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். போதாது.

பவர் கண்ணாடி பார்வைக்காகச் செய்தது, அடி தாங்குவதற்காகச் செய்ததல்ல. அதைவிட முக்கியம், அதன் பக்கவாட்டிலும் கீழேயும் திறந்தே இருக்கிறது. லேத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும், சில்லு நேராக மூக்குக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. எம்எஸ், அதாவது சாதாரண மென் இரும்பு, ஓட்டினால் சுருள் சுருளாக இறங்கும், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பித்தளையும் காஸ்ட் அயர்ன் என்கிற வார்ப்பிரும்பும் பொடிப் பொடியாகத் தெறிக்கும். கன்னத்தில் பட்டு, அங்கிருந்து மேலே ஏறிக் கண்ணாடிக்குள் போகும். அதனால் உங்களுக்குத் தேவை பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற, பக்கச் சுவர் வைத்த பெரிய வகை. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பவர் போட்ட சேஃப்டி கண்ணாடியே செய்து வாங்கலாம். அப்போது லென்ஸ் மட்டுமல்ல, ஃபிரேமும் சேஃப்டி தரமா என்று கேளுங்கள். சாதாரண ஃபிரேமில் பாலிகார்பனேட் என்கிற அடி தாங்கும் பிளாஸ்டிக் லென்ஸைப் போட்டுக் கொடுத்தால் அடி விழும்போது லென்ஸ் உடையாமல் முழுசாகப் பின்பக்கம் கழன்று வரும்.

"முப்பது வருசமா வெறுங்கண்ணோட நிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கப் பின்னாலேயே ஒருவர் வருவார். ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்தான் பட்டறையில் நின்று அதைச் சொல்ல முடியும், ஆனவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் கண்ணாடி விற்பவனும் அல்ல. கோவையில் கணபதி பக்கம் மூன்று லேத்தும் ஒரு வெல்டிங் செட்டும் வைத்து ஓட்டுகிறவன்.

கடையில் வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், ஃபிரேமிலும் லென்ஸிலும் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். நம்மூர் தரம் என்றால் ஐஎஸ் 5983. அமெரிக்க முறை என்றால் இசட் 87, அதோடு கூட்டல் குறி இருந்தால் வேகமான அடிக்கும் சோதித்தது. ஐரோப்பிய முறையில் இஎன் 166 என்று பொறித்திருந்தால் கூடவே ஒரு எழுத்து இருக்கும். எஃப் என்றால் வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் சின்ன இரும்புக் குண்டைத் தாங்கியது, பி என்றால் 120 மீட்டர், ஏ என்றால் 190. பக்கச் சுவர் வைத்த சாதாரண வகை எவ்வளவு விலை கொடுத்தாலும் எஃப் வரைக்கும்தான். பி வேண்டுமென்றால் முகத்தோடு ஒட்டுகிற காகிள்ஸ், ஏ வேண்டுமென்றால் முழு முக ஷீல்டு. ஒன்றும் பொறிக்காத கண்ணாடி எவ்வளவு தடியாக இருந்தாலும் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

லேத்துக்கு எஃப் போதும். கை கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டினால் கண்ணாடியும் வேண்டும், அதற்கு மேல் முக ஷீல்டும் வேண்டும். ஷீல்டு மட்டும் இருந்தால் போதாது, தாடைக்குக் கீழிருந்து பொறி உள்ளே ஏறும். உளி வைத்துச் சுத்தியலால் அடிப்பதை யாரும் ஆபத்து என்று நினைப்பதில்லை. ஆனால் இரும்பை இரும்பால் அடிக்கும்போது தெறிக்கிற துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடும், சில சமயம் பெரிதாக வலிக்காது. பட்டறையில் வேலை செய்தவரா என்று எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் கேட்பது அதற்குத்தான். உள்ளே இரும்பு இருந்தால் அந்த மிஷினின் காந்தம் அதை அசைத்துவிடும்.

இப்போது வெல்டிங். நீங்கள் அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. "நான் வெல்டர் இல்லை, பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்கிறீர்கள். நானும் வெல்டர் இல்லை. முதல் வேலையில் நான் ஹெல்பர். கேட்டுக்கு ஃபிரேம் கட்டும்போது ஆங்கிள் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், வெல்டர் டேக் போடுவார், அதாவது நகராமல் இருக்க அங்கங்கே சின்னதாகப் பற்றவைப்பார். அவர் கையில் ஷீல்டு இருக்கும், எனக்கு எதுவும் கிடையாது. "மூஞ்சியத் திருப்பிக்கடா" என்பார். முகத்தைத் திருப்பினால் ஆங்கிள் நகரும், நகர்ந்தால் திட்டு விழும். வெள்ளையடித்த சுவர் வேறு, திரும்பின பக்கமும் வெளிச்சம் அடிக்கும்.

அன்று சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுப் படுத்தேன். நடு ராத்திரியில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது, திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. தண்ணீர் தாரையாக ஊற்றுகிறது. அம்மாயி பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த அக்காவிடம் போய்த் தாய்ப்பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாமா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி எடுத்து வந்தார். நான் எதையும் விடவில்லை, விடியும்வரை குளிர்ந்த துணியை மூடிய கண்ணின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சொட்டு விட்டார். அரை நிமிடத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அந்த பாட்டிலையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். தர மாட்டேன் என்றார். அது மரத்துப்போக வைக்கிற மருந்து, பரிசோதனைக்காக விட்டது, வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாது, புண்ணாகிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆர்க், அதாவது வெல்டிங்கில் எரிகிற அந்த வெளிச்சம், அதன் புற ஊதாக் கதிர் அந்த மேல்தோலைத்தான் சுடுகிறது. பட்ட உடனே தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் எரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக ஆறிவிடும். எனக்கும் ஆறியது. வெல்டரிடம் போய்ச் சொன்னேன், "இந்த வேலையில இதெல்லாம் சகஜம்டா" என்றார். ஷீல்டுக்குப் பின்னால் நிற்பவருக்குச் சகஜம்தான்.

அதனால் என் பட்டறையில் பிடிக்கிற ஆளுக்கும் ஒரு ஷீல்டு உண்டு, அல்லது கிளாம்ப் போட்டுவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். லேத்துக்கும் வெல்டிங்குக்கும் நடுவில் திரை தொங்குகிறது. உங்கள் இடத்தில் திரை இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். பக்கச் சுவர் வைத்த தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடியே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், தள்ளி நிற்கும் உங்களுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. அதற்காக அதைப் போட்டுக்கொண்டு ஆர்க்கை நேராகப் பார்க்கக் கூடாது. கூலிங் கிளாஸோடு கிரில் வெல்டிங் செய்பவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேஸ் கட்டிங்குக்கு ஷேடு, அதாவது லென்ஸின் கறுப்பு அளவு, 5 போதும், ராடு வெல்டிங்குக்கு 10, 11 வேண்டும். கேஸ் கட்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்க் பார்ப்பது நம் பட்டறைகளில் தினமும் நடக்கிறது.

கண்ணில் துணுக்கு விழுந்தால் சட்டை நுனியாலோ, ரீஃபிள் முனையாலோ எடுத்துவிடுகிற ஒரு "நிபுணர்" ஒவ்வொரு பட்டறையிலும் இருப்பார். அவரிடம் தலையை நீட்டாதீர்கள். இரும்புத் துணுக்கு ஒரு நாளுக்குள்ளேயே சுற்றிலும் துரு வளையம் போட்டுவிடும், அதை மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், உள்ளே கிருமி புகுந்திருக்கும் நேரத்தில் அது கண்ணையே காலி செய்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். எங்களுக்கு ஜாப் கொடுக்கிற பெரிய கம்பெனியிலிருந்து வருடா வருடம் ஆடிட்டுக்கு ஆள் வருவார். கண்ணாடி போட்டிருக்கிறார்களா, கண் கழுவும் குழாய் இருக்கிறதா, போர்டு மாட்டியிருக்கிறதா என்று டிக் அடிப்பார். தப்பே இல்லை, 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 35-வது பிரிவு கண்ணுக்கென்றே இருந்ததுதான். ஆனால் 2006-ம் வருட சிறு குறு தொழில் சட்டம், ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. அதற்கு டிக் அடிக்க மட்டும் எந்த ஆடிட்டரும் வருவதில்லை. நான்கு மாதமாக நிற்கிற பில்லைக் கேட்டால் "அக்கவுன்ட்ஸ்ல பேசுங்க" என்பார்கள். அந்தப் பணத்தில் எத்தனை கண்ணாடி வாங்கலாம் என்று நானும் கேட்கலாம், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. சரி, விடுங்கள்.

வாங்கும்போது மாட்டிப் பாருங்கள். பவர் கண்ணாடியோடு சேர்த்து மாட்டிக் குனிந்து பாருங்கள், லேத்தில் பாதி நேரம் குனிந்துதான் இருப்பீர்கள். காதுக்குப் பின்னால் அழுத்தினால் மத்தியானத்துக்குள் கழற்றி டூல் பாக்ஸில் போட்டுவிடுவீர்கள். பனி படியாத பூச்சு உள்ளதை வாங்குங்கள், சித்திரை வைகாசியில் வியர்வை ஆவியே லென்ஸை மறைத்துவிடும். தின்னரால் துடைக்காதீர்கள், பாலிகார்பனேட் விரிசல் விட்டுப் போகும். தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கீறல் விழுந்து மங்கினால் தூக்கிப் போடுங்கள், நல்ல கண்ணாடி, லேத்தில் இரும்பைச் சீவுகிற ஒரு கார்பைடு டிப் விலைக்குப் பக்கத்தில்தான் வரும். கறுப்பு லென்ஸ் ஸ்டைலாக இருக்கிறது என்று எடுக்காதீர்கள், பட்டறைக்குள் அளவு தெரியாது.

நாளைக்கு உங்களை பிளேட்டிங், அதாவது முலாம் பூசுகிற, பக்கம் மாற்றினால் இந்தக் கண்ணாடி உதவாது. ஆசிட்டுக்கும் காஸ்டிக்குக்கும் காற்றுத் துளை நேராக இல்லாமல் மறைவாக உள்ள, முகத்தோடு ஒட்டுகிற காகிள்ஸ் வேண்டும். லேசர் மார்க்கிங் மிஷின் வந்திருந்தால் அந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும், வெல்டிங் கண்ணாடி அதற்கு மாற்று இல்லை.

உங்கள் இடத்தில் நடப்பது ராடு வெல்டிங்கா, சிஓடூவா, ஆர்கானா, எத்தனை ஆம்பியரில் ஓட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். பிடிக்கிற பையனுக்கு எந்த ஷேடு வேண்டும் என்று சொல்கிறேன்.