வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடத்துக்கு மறுப்பு வருவது ஏன்?

வணக்கம். பெங்களூரு கப்பன் பூங்காவில் நீங்கள் வைத்த ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த பெட்டிகளை ஜி.பி.எஸ். உதவியுடன் தேடும் விளையாட்டு) பெட்டியை, வரைபடத்தில் அருகில் வேறெதுவும் தெரியாதபோதும், இடைவெளி போதாது என்று, புதிய பெட்டிகளைச் சரிபார்த்து வெளியிடும் பரிசீலகர் மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். இரண்டு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி, வரைபடத்தில் காட்டப்படாத இடங்களுக்கும், அதாவது புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியவரும் புதிர்வகைப் பெட்டிகளின் உண்மையான இருப்பிடத்துக்கும், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வழிகாட்டும் பலகட்டத் தேடலில் பொருள் ஒளித்துவைக்கப்பட்ட இடைநிலைகளுக்கும் பொருந்தும். ஆகவே அடுத்த முறை, பெட்டியை வைப்பதற்கு முன்பே அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அனுப்பி, இடம் காலியா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். அந்தப் பூங்கா கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பதால் முன் அனுமதி அவசியம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலம் பெருநகரில் வெடிகுண்டு அச்சத்தைக் கிளப்பும் என்பதால், உள்ளிருப்பது வெளியே தெரியும் டப்பாவையே பயன்படுத்தி, அதன்மேல் கன்னடத்திலும் ஒரு விளக்கச் சீட்டை ஒட்டிவிடுங்கள்.