நிலநடுக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தது வர நீண்ட காலம் ஆகுமா?

ஆகும் என்றுதான் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லாரும் நம்பினோம். 2000 டிசம்பர் 12, காலை நேரம். கேரளத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5 ரிக்டர் அளவில் பூமி ஆடியது. பீர்மேட்டில் எங்கள் தகரக் கூரை கடகடவென்று அடித்துக்கொண்டது. "வந்துட்டுப் போயிருச்சுல்ல, இனி நம்ம காலத்துக்கு வராது" என்றார் அப்பத்தா. 26ஆம் நாள், ஜனவரி 7 அன்று, அதே பக்கத்தில் மறுபடி 4.8.

அப்பத்தா சொன்னது மோசமான கணக்கு இல்லை. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரீட் என்பவரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஒரு செங்கல்லில் சைக்கிள் டியூபைக் கட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். டியூப் நீண்டுகொண்டே போகும், செங்கல் அசையாது, திடீரென்று ஒரு குதி குதிக்கும். இழுவிசை தீர்ந்ததால் மறுபடி நீளும்வரை ஓய்வு.

ஆனால் பூமிக்கடியில் இருப்பது ஒற்றைச் செங்கல் இல்லை. 1967இல் பர்ரிட்ஜ், நோபாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல கட்டைகளை ஸ்பிரிங்கால் கோத்து இழுத்துப் பார்த்தார்கள். ஒன்று வழுக்கினால் அதன் பாரம் பக்கத்துக் கட்டை மேல் ஏறுகிறது. சில நேரம் அதுவும் வழுக்குகிறது. ஒழுங்கான இடைவெளி அதோடு போச்சு. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சராசரியாக 22 வருடத்துக்கு ஒன்று வந்ததை வைத்து, அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004இல்.

முதலில் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் ஜப்பானிய அறிஞர் ஒமோரியிடம் இருக்கிறது. பெரிய அதிர்வுக்குப் பின் வரும் அதிர்வுகள் நாளுக்கு நேர்மாறாகக் குறையும் என்று 1894லேயே கண்டார். முதல் நாள் 100 என்றால் பத்தாம் நாள் சுமார் 10, நூறாம் நாள் சுமார் 1. அதாவது, ஒன்று வந்த உடனே அடுத்ததற்கான வாய்ப்பு கூடுகிறது, குறைவதில்லை. பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும், எப்போதுமே அப்படி இல்லை. ஜனவரியில் வந்தது பின்னதிர்வா தனி அதிர்வா என்று அப்புறம் டீக்கடையில் சண்டை நடந்தது. 1988இல் ஒகாட்டா என்ற ஜப்பானியப் புள்ளியியலாளர் கொடுத்த கணித மாதிரியில் அந்தப் பிரிவினையே கிடையாது: எந்த அதிர்வும் குட்டி போடும், குட்டியும் குட்டி போடும். இன்றைக்குப் பல கணிப்புகள் இதை வைத்துத்தான் நடக்கின்றன. தேதி சொல்லாது, இந்த வாரம் எத்தனை சதவீதம் என்று சொல்லும்.

இரண்டாவது அதிர்வுக்குப் பிறகு அப்பத்தா எதுவும் சொல்லவில்லை. தை பிறக்கும்வரை மார்கழிக் குளிரில் வாசலில்தான் படுத்தார். ஒமோரி கணக்குப்படி அந்த ஒரு வாரம்தான் வெளியே படுக்க வேண்டிய வாரம்.